கிடத்தலுங் கிடத்துதலும்: இரண்டு ஆங்கில வினைகள்

தமிழ் கற்பிப்பவன் ஒருவன் விழா மலரிலே ஆங்கில வினைச்சொற்களை ஆராயப் புகுதல் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். "உமக்கேன் இந்த வேலை?" என்று ஆங்கில ஆசிரியராகிய நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன விடையையே ஈண்டுஞ் சொல்லுகிறேன். நம் மாணாக்கர் தமிழ்ப் பாடத்திலே தன்வினை, பிறவினை என்பவற்றைப் படித்து, எடுத்துக்காட்டுக்களை மனனஞ் செய்து, பரீட்சையிலும் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அடுத்த பாடத்துக்கு மணி அடித்ததும் அந்த அறிவைத் தமிழ்க் கொப்பியோடு மூடிவைத்துவிடுகின்றனர். ஆங்கிலம் படிக்கும்போது தமிழை மறத்தல் வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கின்றனர். அக்கூற்று எவ்வளவு பிழையானது என்பதற்கு யான் இங்கு எடுத்துக்கொண்ட இரு வினைகளே போதிய சான்றாகும்.

முதலாவது வினை எல், ஐ, ஈ என்னும் மூன்றெழுத்தால் எழுதப்பட்டு 'லை' என ஒலிப்பது. இரண்டாவது எல், ஏ, வை என எழுதப்பட்டு 'லே' என ஒலிப்பது. லை என்பது கிடத்தல், படுத்தல், ஓரிடத்தே அமைந்திருத்தல். லே என்பது கிடத்துதல், இடுதல், பரப்பி வைத்தல். நாய் திண்ணையிற் கிடக்கிறது, இதற்கு லை. தாய் குழந்தையைப் பாயிற் கிடத்துகிறாள், இதற்கு லே. யாழ்ப்பாணம் இலங்கையின் வடபால் அமைந்துள்ளது என்பதற்கு முன்னையதும், கோழி முட்டையிடுகிறது, மேசன் கல் அடுக்குகிறான் என்பவற்றுக்குப் பின்னையதும் வரும்.

இவ்வளவிலே ஐயத்துக்கு இடமில்லை. கிட என்பதற்கும் கிடத்து என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரிலே பள்ளிக்கூடம் புகாத குழந்தையும் அறியும். "பிள்ளையைக் கிட" என்று எந்தத் தாயுஞ் சொல்வதில்லை. தானே தொழில் செய்வதற்கும், பிறிதொன்றைத் தொழிற்படுத்துவதற்கும் தமிழ் வேறு வேறு வடிவங்களை வைத்திருக்கிறது. திருந்து என்பது திருத்து ஆகும். அடங்கு என்பது அடக்கு ஆகும். ஆடு என்பது ஆட்டு ஆகும். வீழ் என்பது வீழ்த்து ஆகும். எழு என்பது எழுப்பு ஆகும். வி, பி என்னும் விகுதிகள் சேர்ந்து செய்வி, கற்பி என வருதலைப் பவணந்தி முனிவர் நன்னூற் பதவியலிலே கூறியுள்ளார். நம் நாவலர் பெருமான் அத்தகைய இலக்கணச் செய்திகளையெல்லாம் பாடசாலைச் சிறுவருக்கு விளங்கும் உரைநடையில் இலக்கணச் சுருக்கமாக எழுதித் தந்தார். அவரோ ஆங்கிலமுங் கற்றவர்; பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்திலே துணைநின்றவர். ஒரு மொழி மற்றொரு மொழிக்குப் பகையென அவர் கருதியிருப்பின் அப்பணி நடந்திராது. இன்னுமொன்று சொல்வேன். கற்பிக்குந் தொழிலை யாழ்ப்பாணத்தார் 'படிப்பித்தல்' என்றே வழங்குகின்றனர். படி என்பது தன்வினை, படிப்பி என்பது பிறவினை. ஆசிரியத் தொழிலின் பெயரிலேயே இவ்விலக்கணம் பொதிந்து கிடக்கின்றது.

அங்ஙனமாயின் நம் மாணாக்கர் எங்கே இடறுகின்றனர்? பொருளிலன்று, வடிவத்திலே. லை என்பதன் இறந்தகாலம் 'லே' ஆகும். பிறவினையின் நிகழ்காலமும் அதே 'லே' ஆகும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. 'நாய் நேற்றுத் திண்ணையிற் கிடந்தது' என்று எழுதவேண்டிய இடத்தில் மாணாக்கன் லே என்பதை எழுதப் பார்க்கிறான். உடனே, "இது கிடத்து என்பதாயிற்றே, இறந்தகாலம் அன்றே" என மருண்டு, லெயிட் என எழுதிவிடுகிறான். அது பிறவினையின் இறந்தகாலம். கிடத்தியது எனப் பொருள்படும். வடிவங்களை ஒருமுறை முறையாகச் சொல்லிவிடுகிறேன். கிடத்தற் பொருளில் லை, லே, லெயின். தொடர்ந்து நிகழ்வதைக் குறிக்கும்போது லையிங். கிடத்துதற் பொருளில் லே, லெயிட், லெயிட். தொடர்ந்து நிகழ்வதற்கு லேயிங். லெயின் என்பது எல், ஏ, ஐ, என். லெயிட் என்பது எல், ஏ, ஐ, டி. பிந்தியதை வை எழுத்தோடு ஈ, டி சேர்த்து எழுதுதல் பிழை. கொடுத்தற் பொருளில் வரும் பே, சொல்லுதற் பொருளில் வரும் சே ஆகியனவும் இவ்வாறே வை எழுத்தை ஐ ஆக மாற்றி டி ஏற்கும்.

ஒரே வடிவம் இரண்டு தொழில் பார்ப்பது ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரிய கொடுமையென்று மாணாக்கர் எண்ணவேண்டா. 'படுத்து' என்னுஞ் சொல்லை நோக்குக. 'பாயிற் படுத்து உறங்கினான்' என்னுமிடத்து அது படுத்தல் என்னுந் தன்வினையின் இறந்தகால வினையெச்சம். 'இதனை நன்கு பயன்படுத்து' என்னுமிடத்து அதுவே பிறவினைப் பகுதி. வடிவத்திலே அணுவளவும் வேறுபாடில்லை. படுத்தான் என்றும் பயன்படுத்தினான் என்றும் முற்று வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ஆயினும் தமிழ்ச் சிறுவன் எவனும் இங்கே மயங்கக் கண்டதில்லை. முன்னும் பின்னும் நிற்குஞ் சொற்கள் அவனுக்கு வழிகாட்டுகின்றன. அந்தப் பார்வையையே ஆங்கிலத்திலுஞ் செலுத்துக என்பதே என் வேண்டுகோள்.

இவ்வொற்றுமை எவ்வாறு வந்தது என்பதும் அறியத்தக்கது. ஆங்கிலம், செருமன், டச்சு முதலியன ஒரு குடும்பத்து மொழிகள். அக்குடும்பத்திலே பழமையான நூல் வழக்குடைய கோதிக் மொழியில், கி. பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா என்னும் பேராயர் விவிலியத்தை மொழிபெயர்த்தார். அம்மொழியிலே கிடத்தலுக்கு லிகன் என்றும், கிடந்தான் என்பதற்கு லக் என்றும், கிடத்துதலுக்கு லக்யன் என்றும் வரும். தன்வினையின் இறந்தகால உயிரோசையை எடுத்து, யகரமுடைய விகுதியொன்றைச் சேர்த்துப் பிறவினையை ஆக்கினர். இருத்தலுக்குச் சிதன், இருந்தான் என்பதற்குச் சத், இருத்துதலுக்குச் சத்யன். குடித்தலுக்குத் த்ரிங்கன், குடித்தான் என்பதற்குத் த்ரங்க், குடிப்பித்தலுக்குத் த்ரங்க்யன். ஆகவே ஆங்கிலப் பிறவினை தொடக்கத்திலிருந்தே தன் தாயாகிய தன்வினையின் இறந்தகாலச் சாயலைக் கொண்டு பிறந்தது. பழைய ஆங்கிலத்திலே லிட்ஜன், லெட்ஜன் என இரண்டுந் தெளிவாகப் பிரிந்தே நின்றன. பின்னர் ஈறுகள் தேய்ந்தன, ஓசைகள் மாறின, இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டன. செருமன் மொழியில் லீகன், லேகன் என்ற வேறுபாடு இன்றுஞ் சிதையாதிருக்கிறது.

ஆங்கிலத்திலே அவ்விகுதி இறந்துபோயிற்று. இன்று ஒருவர் புதிதாகப் பிறவினை ஆக்க விரும்பினால், செய்யவைத்தல் என்பது போன்ற துணைச்சொல்லைத்தான் நாடவேண்டும். பழைய பிறவினைகளிற் சில மாத்திரம் ஆற்றுமணலிற் கிடக்குஞ் சங்குகளைப்போல எஞ்சியுள்ளன. சிற் என்பது இருத்தல், செற் என்பது இருத்துதல். ஃபோல் என்பது வீழ்தல், ஃபெல் என்பது மரத்தை வீழ்த்துதல். இந்த ஃபெல் என்பதே வீழ்தலின் இறந்தகாலமாகவும் வருகின்றமை காண்க. லே செய்யுங் குறும்பை இதுவுஞ் செய்கின்றது. ட்றிங்க் என்பது குடித்தல். அதன் பிறவினையாகிய ட்றெஞ்ச் இன்று முற்ற நனைத்தலைக் குறித்தாலும், மாட்டுக்கு மருந்தை வாயில் ஊற்றிக் குடிப்பித்தற்கு அச்சொல்லே இன்றும் வழங்குகிறது. ஆங்கிலேயருக்குத் தொல்பொருளாகிவிட்ட இவ்வமைப்பு நமக்கு அன்றாட வழக்கு. ஆதலின் இவ்விடயத்தில் நம் மாணாக்கன் ஆங்கிலச் சிறுவனிலும் ஒருபடி மேலே நின்றே தொடங்குகிறான். தான் அங்கே நிற்பதை அவன் அறியான்.

இஃதெல்லாம் வகுப்பறையோடு முடியும் நுணுக்கமென்று யாரும் எண்ணலாகாது. சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் படித்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து எழுதினார். முதியோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் இரவுக் கடமை அவருக்கு. விடியற்காலை ஒரு மூதாட்டி கட்டிலருகே நிலத்திற் கிடந்ததைக் கண்டு, தூக்கிக் கட்டிலில் விட்டு, உரியவர்களை அழைத்து, செய்யவேண்டிய யாவுஞ் செய்துள்ளார். பின்னர் அறிக்கைப் புத்தகத்திலே, நிலத்திற் கிடந்தார் என்று கருதிக்கொண்டு, 'ஷீ வொஸ் லெயிட்' எனத் தொடங்கி எழுதிவிட்டார். அதன் பொருளோ நிலத்திற் கிடத்தப்பட்டிருந்தார் என்பது. காலையில் அதனைப் படித்த மேலதிகாரி கேட்ட முதற் கேள்வி, "யார் கிடத்தியது?" என்பதாகும். அன்றிரவு உடன் கடமையிலிருந்த மற்றவரையும் அழைத்து விசாரித்தனர். மூதாட்டி தாமே வாய்திறந்து, தண்ணீர் எடுக்க எழுந்து வழுக்கி விழுந்ததைச் சொன்ன பின்னரே அவ்விசாரணை முடிந்தது. அவர் பேசமுடியாதவராக இருந்திருந்தால் யாதாகியிருக்கும் என்று அக்கடிதத்திற் கேட்டிருந்தார். 'வொஸ் லையிங்' என்று எழுதியிருந்தால் அக்கேள்விக்கே இடமில்லை. வினைமுதல் எங்கோ ஒளிந்து நிற்கிறான் என்பதைப் பிறவினை சொல்லாமற் சொல்லும். கிடந்தது என்றால் யாரையும் தேடவேண்டியதில்லை. கிடத்தப்பட்டது என்றால் ஒருவனைத் தேடவேண்டும். இலக்கணத்திலே செயப்பாட்டுவினை படிக்கும்போது இதனை வாயளவிற் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நீதிமன்றில் மொழிபெயர்ப்போர், வைத்தியசாலையிற் குறிப்பெழுதுவோர், விபத்து நடந்த இடத்தைப்பற்றி முறைப்பாடு எழுதுவோர் ஆகியோருக்கு இஃது ஓர் உயிரின் விலையாகவும் ஆகலாம்.

பிறவினையைச் சரியாகப் பொறித்த இடங்களும் நம் கண்முன்னே உள்ளன. பழைய பாடசாலைக் கட்டடங்களிலே அத்திவாரக் கல் நாட்டப்பெற்ற செய்தியை ஆங்கிலத்திற் பொறித்த பலகைகளைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அங்கே வருஞ் சொல் லெயிட் என்பது. இன்னார் நாட்டினார், இன்ன நாளில் நாட்டப்பெற்றது; ஆகவே பிறவினை, ஆகவே லெயிட். நாட்டியபின் அக்கல் அவ்விடத்திலேயே கிடக்கின்றது, அதற்கு லை. நாட்டியவர் மறைந்து ஆங்கிலேய முறையிற் கல்லறை எழுப்பப்பட்டிருந்தால், இங்கே துயில்கிறார் என்று அங்கே பொறிப்பதும் லை என்பதே.

இனி, இவ்விரண்டையுந் தெரிந்தெடுக்க ஓர் உபாயம். வாக்கியத்தைத் தமிழில் எண்ணி, வினையைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' எனக் கேட்க. விடை வருமாயின் லே, வாராதாயின் லை. குழந்தையைக் கிடத்தினாள்: யாரை? குழந்தையை. ஆகவே லெயிட். குழந்தை கிடந்தது: யாரை எனக் கேட்டல் பொருந்தாது. ஆகவே இறந்தகாலத்தில் லே. வகுப்பிலே ஒரு மாணவன் நாய் வாசலிற் கிடக்கிறது என்பதற்கு லேயிங் என்று எழுதினால், "எதை இடுகிறது? முட்டையையா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும், ஆனால் எழுதியவனும் உடன் சிரிக்கக்கூடிய கேள்வி அது. எழுதியவனை விட்டு மற்றவரெல்லாரும் சிரிக்குங் கேள்வியை ஆசிரியர் கேட்கலாகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. செயப்படுபொருளை ஏற்பதெல்லாம் பிறவினை என்று சில வழிகாட்டி நூல்கள் எழுதிவருகின்றன, அது பிழை. 'சோற்றை உண்டான்' என்பதிற் செயப்படுபொருள் உண்டு. ஆயினும் உண்ணுதல் தன்வினையே. அதன் பிறவினை ஊட்டுதல். குன்றிய வினை, குன்றா வினை என்பது ஒரு பாகுபாடு. தன்வினை, பிறவினை என்பது வேறொரு பாகுபாடு. கிட, கிடத்து என்னும் இணையில் இரண்டு பாகுபாடும் ஒருங்கு சேர்ந்து நிற்பதனாலேதான் மேற்கூறிய உபாயம் பலிக்கிறது. எல்லா வினைக்கும் அதனை நீட்டிப் பார்க்க வேண்டா.

யாழ்ப்பாணத்து மாணாக்கருக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். நம் பேச்சு வழக்கிலே 'கிடக்கு' என்பது மிகப் பரந்த பொருளுடையது. போத்தல் அலுமாரியிற் கிடக்கு என்போம். அங்கே போத்தல் நிமிர்ந்துதான் நிற்கும். கையிற் காசு கிடக்கு என்போம். வேலை கிடக்கு என்றும் சொல்வோம். உண்டு, இருக்கிறது என்ற அளவே அங்குப் பொருள். அவ்விடங்களிலெல்லாம் லை என எழுதலாகாது. ஆங்கிலக் கிடத்தல் பெரும்பாலும் நீட்டி, நிலத்தோடு அல்லது தளத்தோடு பொருந்திக் கிடத்தலாகும். அவ்வாறே வைத்தல் எல்லாம் லே ஆகாது. போத்தலை நிமிர்த்தி வைத்தலுக்குப் பொதுச்சொல்லாகிய புற் போதும். பட்டுச்சேலையைப் பெட்டியில் விரித்து வைத்தலும், பிணத்தைப் பாடையிற் கிடத்துதலும் லே.

ஆங்கிலேயர் தாமும் இதில் வழுவாதவர் அல்லர். கிடத்தற் பொருளில் லே என்பதை வழங்கும் வழக்கம் ஏறத்தாழ 1300 முதலே காணப்படுவதாகவும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அது வழுவாகக் கருதப்படவில்லை போலும் என்றும் ஒக்ஸ்போட் பேரகராதி குறிக்கின்றது. பைரன் என்னும் பெருங்கவிஞர் 1818இல் வெளிவந்த சைல்ட் ஹரோல்ட் நான்காங் காண்டத்திலே எதுகை பற்றி லை வரவேண்டிய இடத்தில் லே என வைத்தார். இலக்கணக்காரர் இன்றளவும் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். 1969இல் அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலேயே லே என்பது இருமுறை வருகிறது. அங்கும் லை என்பதே இலக்கணம். அவர் 2016இல் இலக்கியத்துக்கான நொபெல் பரிசு பெற்றதை இது தடுக்கவில்லை. ஆங்கிலம் பிறந்தமொழியாக உடையோர் பலர் பேச்சில் இவ்வேறுபாட்டை விட்டுவிட்டனர் என்பதும் உண்மையே. ஆகையால் ஒருவர் பேசும்போது லேயிங் என்றால் குறுக்கிட்டுத் திருத்துதல் நாகரிகமன்று. ஆனால் பரீட்சைத் தாளிலும், விண்ணப்பத்திலும், அறிக்கையிலும் இவ்வேறுபாடு இன்றும் எதிர்பார்க்கப்படுகிறது. பாடகருக்குரிய சலுகையை விண்ணப்பகாரர் கேட்க முடியாது.

பொய் சொல்லுதலைக் குறிக்கும் லை இவற்றோடு உறவில்லாத வேறொரு சொல். எழுத்தாலும் ஒலியாலும் மாத்திரம் ஒத்தது. அதன் இறந்தகாலம் எல், ஐ, ஈ, டி என எழுதும் லைட். கட்டிலிற் படுத்தேன் என எழுதக் கருதி அதனை எழுதினால், கட்டிலிலிருந்து பொய் சொன்னேன் என்றாகிவிடும்.

மாணாக்கர் பொருட்டுச் சில வாக்கியங்களைத் தந்து நிறுத்துகிறேன். கீழ்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கால் எந்த வடிவம் வரும் என்று முதலிற் சிந்திக்க. அக்கடிதம் பத்து நாளாக மேசையிற் கிடந்திருக்கிறது. நேற்று அவன் காய்ச்சலாற் பகல் முழுதும் படுக்கையிற் கிடந்தான். அவர்கள் பந்தலிற் பாய் விரித்தார்கள். பூனை வெயிலிற் கிடந்துகொண்டிருக்கிறது. தந்தை மகனைக் கட்டிலிற் கிடத்தித் தாமும் அருகே படுத்தார்.

முறையே லெயின், லே, லெயிட், லையிங் என்பன வரும். இறுதி வாக்கியத்தில் இரண்டு வினையும் இறந்தகாலத்தன: மகனைக் கிடத்தியதற்கு லெயிட், தாம் படுத்ததற்கு லே.